எந்த வாயால் வாசிப்பது?

ஆங்கிலத்தில் எழுதிய சிலரைப் பெயரை மறைத்துக் கொடுத்தாலும் அரைப் பக்கத்துக்குள் இன்னார் என்று சொல்லிவிட முடிகிறது. சாமுவேல் ஜான்சன் என்றால் ஒரு கருத்து எடை பார்த்து இரண்டாகப் பிரியும். பிரிந்த இரண்டும் ஒன்றுக்கொன்று மரியாதை கொடுத்தபடி எதிரெதிரே வந்து உட்காரும். ஹெமிங்வே என்றால் வாக்கியம் சட்டென்று முடிந்துவிடும், முடிந்த இடத்தில் எதையோ விழுங்கியிருப்பது தெரியும். வர்ஜீனியா வுல்ஃப் அரைப்புள்ளி அரைப்புள்ளியாக நம்மை நகர்த்திக்கொண்டு போய், முற்றுப்புள்ளி வரும்போது எங்கே தொடங்கினோம் என்பதை மறக்கடித்திருப்பார். இதில் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவனுக்கு இது கைப்பழக்கம், பலசரக்குக் கடைக்காரர் கையில் எடுத்ததுமே அரைக் கிலோ என்று சொல்வதுபோல. உறுத்துவது வேறொன்று. நம்மவர்கள் எழுதிய ஆங்கிலத்தில், வக்கீல் நோட்டீஸ், கல்லூரி ஆண்டறிக்கை, இரங்கல் தீர்மானம், மலர் வெளியீட்டு முன்னுரை, நான் எழுதிக் குவித்த பரிந்துரைக் கடிதங்கள் உட்பட எதிலும் ஆள் தென்படுவதில்லை. பிழை இருக்காது. பிழை வந்துவிடக் கூடாது என்ற பயம் மட்டும் ஒவ்வொரு வரியிலும் இஸ்திரி போட்ட மடிப்பாகத் தெரியும். சரி, இரவல் மொழியில் ஆள் தெரியாமல் போவது இயல்புதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளப் பார்த்தால் ஆர்.கே. நாராயண் குறுக்கே வந்து நிற்கிறார். அவரிடம் அடையாளம் என்று காட்ட ஒரு தழும்புகூட இல்லை. விசேஷமான சொல் இல்லை, முறுக்கிய தொடர் இல்லை, உவமையில் பெருமிதம் இல்லை. நான் வகுப்பில் இருபது மதிப்பெண் விடையில் எதிர்பார்க்கும் அதே எளிய ஆங்கிலம். ஆனாலும் நான்கு வரியில் அவர்தான் என்று தெரிந்துவிடுகிறது. எதை வைத்துத் தெரிகிறது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. வருடக்கணக்காக இதைப் பாடம் நடத்தியிருக்கிறேன் என்பதுதான் வேடிக்கை.

இந்தக் கேள்வி திருவரங்குளத்துக்கு வந்து சேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையில் உள்ள ஊர் இது. செம்புறாங்கல் மண், முந்திரித் தோப்பு, வனத்துறை நட்ட தைலமரம், அரதீர்த்தேஸ்வரர் கோயில், ஒன்றிய அலுவலகம். ஓய்வு பெற்றபின் இங்கே வந்தவன் நான். எனக்கு முன்பே ஓய்வு பெற்ற தமிழய்யா ஒருவர் இங்கே இருக்கிறார். ஊரில் எல்லோருக்கும் அவர் தமிழய்யாதான், எனக்கும் அப்படித்தான். ஆங்கிலம் அவருக்கு வாசிக்க வரும், எழுத்துக் கூட்டி, அகராதியோடு. காதால் கேட்டால் பாதிக்கு மேல் பிடிபடாது. சாயங்காலம் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும்போது நான் கையில் வைத்திருக்கும் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் சத்தமா வாசிங்களேன் சார், ஓசை எப்படி இருக்குன்னு பாப்போம்” என்றார். யாப்பு சொல்லிக்கொடுத்தவர். அர்த்தம் புரியாமலே ஒரு செய்யுள் வெண்பாவா ஆசிரியப்பாவா என்று காதாலேயே பிரிக்கக்கூடியவர். விளையாட்டாக ஆரம்பித்தோம். கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் பெயர் போடாத கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்துக் கருத்து எழுதச் சொல்லி, பெரும் பெயர்களை அவர்கள் கிழித்துப் போட்டதையும் சில்லறைகளைக் கொண்டாடியதையும் 1929இல் புத்தகமாகவே வெளியிட்டார். அங்கே மொழி தெரிந்தவர்களுக்கு ஆள் தெரியவில்லை. இங்கே மொழி தெரியாதவருக்கு ஆள் தெரிகிறதா என்று பார்க்கலாமே என்று எனக்கு ஓர் ஆசை.

ஜான்சனின் கட்டுரை ஒன்றை வாசித்ததும், “இவரு நின்னுக்கிட்டுப் பேசுறாரு, எதிர்ல கூட்டம் உக்காந்திருக்கு” என்றார். ஹெமிங்வேக்கு, “என்ன சார் இது, கோவத்துல இருக்கிற ஆளு. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்றாரு.” அந்த வெட்டுவாக்கியங்களில் ஒரு பங்கு செய்தித்தாள் கொடுத்தது: பதினெட்டு வயதில் கான்சாஸ் சிட்டி ஸ்டார் பத்திரிகையில் நிருபராக இருந்தபோது, சின்ன வாக்கியம் எழுது என்று தொடங்கும் விதித்தாள் ஒன்றை அவர் கையில் கொடுத்தார்கள். அதைச் சொன்னதும் அய்யாவுக்குத் திருப்தி, தான் பாதி சரி என்று. ஹென்றி ஜேம்ஸின் பிற்கால நாவலிலிருந்து ஒரு பத்தி வாசித்தேன். வாசிக்கும்போதே எனக்கு இரண்டு இடத்தில் மூச்சு தவறியது. “பத்திரம்” என்றார் அய்யா உடனே. “கிரயப் பத்திரம். வடக்கே இன்னார் நிலம், தெற்கே வாய்க்கா, இதுக்கு உட்பட்ட…ன்னு போகும் பாருங்க.” அது தப்பு என்று சொல்ல மனம் வரவில்லை. மணிக்கட்டு வலியால் 1897இலிருந்து ஜேம்ஸ் எழுதுவதை விட்டுச் சொல்லத் தொடங்கினார். ரெமிங்டன் தட்டச்சு இயந்திரத்தின் சத்தம் எதிரே கேட்டால்தான் அவருக்கு வாக்கியம் ஓடும், வேறு கம்பெனி மெஷின் வைத்தால் தடுமாறும் என்று அவரிடம் வேலை பார்த்த தியடோரா போஸங்கெட் எழுதியிருக்கிறார். ஒருவர் சொல்ல மற்றவர் எழுதும் பழக்கம் பத்திர எழுத்தருக்கும் உண்டுதானே. வுல்ஃபைத்தான் அய்யா முழுக்கத் தவறவிட்டார். அது ஏதோ சமையல் குறிப்பு என்று நினைத்துக்கொண்டார். ஏன் என்று நான் துருவவில்லை. கடைசியில் நாராயணை எடுத்து, சுவாமியும் அவன் சிநேகிதர்களும் வரும் பக்கம் ஒன்றை வாசித்தேன். அய்யா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “இது நீங்க எழுதுனதா சார்?” என்றார்.

முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது, அப்புறம் கொஞ்சம் பெருமையாகவும். இரண்டும் அடங்கிய பிறகுதான் அவர் எதைக் கேட்டிருக்கிறார் என்பது பிடிபட்டது. மற்றவர்களை வாசிக்கும்போது நான் வாயை மாற்றிக்கொள்கிறேன். ஜான்சனுக்கு ஒரு கனத்த வாய். ஹெமிங்வேக்கு சினிமாவில் கேட்ட அமெரிக்க வாய். ஜேம்ஸுக்கு, நான் படித்த காலத்தில் எங்களுக்குப் பாடம் எடுத்த ஒரு பாதிரியாரின் வாய். உதட்டை அதிகம் திறக்காமல், ஒவ்வொரு மெய்யெழுத்தையும் துடைத்து வைப்பவர் அவர். இந்த வாய்களையெல்லாம் எங்கெங்கோ பொறுக்கி வைத்திருக்கிறேன். தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்தில் ஆங்கிலம் படித்துவந்தவன் எவனும் இப்படி இரண்டு மூன்று வாய் வைத்திருப்பான். நேர்காணலுக்கு ஒன்று, வகுப்புக்கு ஒன்று, வங்கி மேலாளரிடம் பேச இன்னொன்று. நாராயணை வாசிக்கையில் எதையும் எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. காலையில் பால்காரரிடம் பேசிய அதே வாய், அதே ஏற்ற இறக்கம், அதே இடத்தில் மூச்சு. அய்யாவின் காது பிடித்தது நாராயணை அல்ல, என்னுடைய மாறாத குரலை. அப்படியானால் இந்தப் பரிசோதனையே பழுது. அவர் கேட்டதெல்லாம் என் நடிப்பைத்தான். இருக்கலாம். ஆனால் என்னை அப்படி நடிக்கவைத்தது எது? ஒரு பக்கத்தில் உள்ள சொற்களின் வரிசைதானே என் தொண்டைக்குக் கட்டளை போடுகிறது. எழுத்தாளரின் தனித்தன்மை சொல்லிலும் அணியிலும் தொடரமைப்பிலும் இருக்கிறது என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். நமக்கு, இன்னொரு மொழிக்காரர்களுக்கு, அது வேறு இடத்தில் தட்டுப்படுகிறது என்று தோன்றுகிறது: அந்தப் பக்கம் நம்மிடம் எந்த வாயைக் கேட்கிறது என்ற இடத்தில்.

நாராயணின் ஆங்கிலம் எப்படி இந்த வாய்க்கு வந்தது என்பது லேசில் விளங்குவதாக இல்லை. 1906இல் சென்னையில் பிறந்தவர். புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தவர். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றவர், அதுவும் ஆங்கிலத் தாளில். இந்தக் கடைசித் தகவலை நான் மாணவர்களிடம் ஆறுதலுக்காகச் சொல்லி வந்திருக்கிறேன், அதற்குமேல் யோசித்ததில்லை. இப்போது யோசித்தால், தேர்வு கேட்ட ஆங்கிலம் எது என்பது தெரிகிறது: மெக்காலேயின் தொடர்களை மனப்பாடம் செய்து, சந்தர்ப்பம் பார்த்துச் செருகும் ஆங்கிலம். அதில் தோற்பது ஒரு தகுதி என்று சொல்லிவிடலாம்தான், ஆனால் அப்படிச் சொல்வது பிற்பாடு ஜெயித்தவருக்கு மட்டும் பொருந்தும் சௌகரியமான நியாயம். முதல் நாவலின் பிரதி லண்டன் பதிப்பகங்களால் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டு, ஆக்ஸ்போர்டிலிருந்த நண்பர் பூர்ணாவுக்கு, கல்லைக் கட்டித் தேம்ஸில் போட்டுவிடு என்று நாராயண் எழுதியதும், அவர் போடாமல் நாவலாசிரியர் கிரகாம் கிரீனிடம் கொண்டுபோனதும், 1935இல் புத்தகம் வந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் நிற்பது வேறு இடத்தில். தலைப்பை மாற்றச் சொன்னவர் கிரீன். நாராயணசுவாமியாக இருந்த பெயரைச் சுருக்கச் சொன்னதும் அவர்தான். பின்னாளிலும் பிரதிகளைப் பார்த்துக்கொடுத்தார். அப்படியானால் நான் என் வாய் என்று கொண்டாடுவதில் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் பக்கத்து ஆங்கிலேயர் ஒருவரின் பென்சிலும் இருக்கிறது. என்னைப் போன்றவன் தன் குரலைக் கேட்டுக்கொள்ளும் இடத்தில் இரண்டு பேரின் கை இருப்பது உறுத்தவேண்டும். உறுத்தவில்லை. பென்சில் எதைத் தொட்டிருந்தாலும் கதைசொல்பவர் எதற்கு வியப்பதில்லை என்பதைத் தொட்டிருக்க முடியாது. மால்குடியில் ஒருவன் சாமியாராகிவிடுகிறான், ஒருவன் வீட்டைவிட்டு ஓடுகிறான், ஒருவன் பொய்யனாக வாழ்ந்து மகானாகச் சாகிறான். சொல்பவர் புருவத்தை உயர்த்துவதே இல்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கொலைச் செய்தியை இப்படித்தான் சொல்வார்கள், மோர் ஊற்றியபடி.

ராஜா ராவின் விஷயம் இதற்கு எதிர்த்திசை. 1938இல் வந்த ‘காந்தபுரா’வின் முன்னுரையை இந்திய ஆங்கிலம் படிக்கும் எந்த மாணவனும் தப்பிக்க முடியாது. பிறர் மொழியில் நம் ஆன்மாவைச் சொல்லும் பாடு, நம் வாழ்வின் வேகம் நம் ஆங்கிலத்தில் ஏறவேண்டிய கட்டாயம் என்று அது பேசுகிறது. நாவலும் அப்படியே ஏறுகிறது: ஒரு கிழவி சொல்கிறாள், ‘அப்புறம்’, ‘அப்புறம்’ என்று மூச்சுவிடாமல். அய்யாவுக்கு வாசித்தபோது முகம் மலர்ந்து, “கதாகாலட்சேபம்!” என்று தொடையில் தாளம் போட்டார். சரியான விடை. ஆனால் நான் அதை வாசிக்க ஒரு பாகவதரின் வாயை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தேன். நம்முடையது என்று உரிமை கொண்டாடும் அந்த ஆங்கிலம் ஏன் என்னை வேஷம் கட்ட வைக்கிறது, அப்படி எந்த உரிமையும் கோராத நாராயண் ஏன் என்னைச் சும்மா இருக்க விடுகிறார்? நம் ஊர்க்காரர் ஊர்க்காரராக இருப்பதை யாருக்கு எடுத்துக்காட்ட வேண்டும்? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அல்ல. ராஜா ராவ் அந்த நாவலை எழுதிய காலத்தில் பிரான்சில் இருந்தார் என்பதை இதற்கு விளக்கமாகச் சொன்னால் அவர் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், அதிலும் நியாயம் இருக்கும். தூரத்திலிருந்து கேட்டால்தான் சில குரல்கள் கேட்கும். ஏ.கே. ராமானுஜனும் சிகாகோவில் உட்கார்ந்துதான் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலமாக்கினார், 1967இல். தமிழில் முதலில் வருவது ஆங்கிலத்தில் கடைசிக்குப் போய்விடும் என்பதை அவர் இலக்கணமாகவே விளக்கியிருக்கிறார். அதனால் வரிகளை உடைத்து, உள்தள்ளி, தாளில் இடம்விட்டு அடுக்கினார். அவர் மொழிபெயர்ப்பை நான் சத்தமாக வாசிப்பதே இல்லை. அது கண்ணுக்கான சங்கப் பாட்டு. ஒல்லையூரும் ஆவூரும் புறநானூற்றுப் பெயர்களாக இன்னும் நடமாடும் புதுக்கோட்டைச் சீமையிலிருந்து பார்க்கும் எனக்கு இது சிறு குறையாகவும் படுகிறது, பெரிய தந்திரமாகவும் படுகிறது.

வாயே கேட்காத ஆங்கிலம் ஒன்று உண்டு, அது நாங்கள் உட்கார்ந்திருக்கும் இந்தக் கோயிலைப் பற்றியும் பேசுகிறது. புதுக்கோட்டை சமஸ்தானம் 1938 முதல் 1944 வரை தன் ‘மானுவலை’ ஆங்கிலத்தில் வெளியிட்டது. கே.ஆர். வெங்கடராம ஐயர் பொறுப்பில் உருவான பெரிய வேலை. ஊர் ஊராகப் போய், குளம், கோயில், மண், மழை, சாதி, சந்தை எல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள். திருவரங்குளமும் அதில் உண்டு. மாவட்டத்தைப் பற்றி எழுதும் யாரும் இன்றுவரை அதிலிருந்து எடுக்காமல் எழுதுவதில்லை, பலர் எடுத்ததைச் சொல்வதுமில்லை. அதன் உழைப்புக்கு முன் எனக்குப் பேச்சில்லை. ஆனால் அந்த ஆங்கிலம் யார் வாயிலிருந்தும் வரவில்லை. இந்த ஊரில் பனைமரம் பொன் காய்த்தது என்ற கதையை இங்கே சொல்பவர்கள் நேற்றுப் பறித்த காயைப்போலச் சொல்வார்கள். பக்கத்தில் பொற்பனைக்கோட்டை வேறு இருக்கிறது, தொல்லியல் துறை அங்கே தோண்டத் தொடங்கிய பிறகு கதைக்குப் புது மவுசு. இத்தகைய கதை கெஜட்டியர் ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘என்று கூறப்படுகிறது’ என்ற தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் போகும். கூறியவர் யார் என்று இருக்காது. கூறப்பட்டதை நம்புகிறாரா எழுதியவர் என்றும் தெரியாது. அதை அய்யாவுக்கு வாசிக்கத் தொடங்கி இரண்டு வரியில் நானே நிறுத்திவிட்டேன். என் தொண்டைக்கு எந்தக் கட்டளையும் வரவில்லை.

அதே கோயிலின் சுவரில் சோழர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. சமஸ்தானமே 1929இல் தன் பகுதிக் கல்வெட்டுகளின் மூலபாடத்தை அச்சிட்டு, பிறகு ஆங்கில மொழிபெயர்ப்பையும் வெளியிட்டது. கல்வெட்டு நடையும் அலுவலக நடைதான், சந்தேகமில்லை. இன்னாருக்கு, இன்ன எல்லைக்குட்பட்ட நிலத்தை, இன்ன விலைக்கு, வரி நீக்கி என்று எச்சம் எச்சமாகப் போய்க் கடைசியில் ஒரே ஒரு முற்றில் இறங்கும். ஆனால் அய்யா சுவரில் விரலை ஓட்டி, எழுத்து எழுத்தாகக் கூட்டி வாசிக்கும்போது குரல் தானாகவே எழும்புகிறது. யாரோ சபையில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்பவர்கள் எதிரே இருக்கிறார்கள். இன்னும் பிறக்காதவர்களையும் சேர்த்து, சந்திரரும் சூரியரும் உள்ளவரை என்று நீட்டுகிறார். ஆங்கில மொழிபெயர்ப்பு இந்த ஒற்றை மூச்சை வெட்டி வெட்டி, எண் போட்டு, பொருளைச் சுத்தமாகக் கொடுக்கிறது. ஆராய்ச்சிக்கு அது போதும், அதுதான் வேண்டும். ஆக, அலுவலக மொழி என்பதாலேயே ஆள் மறைந்துவிடுவதில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்று தெரியாமல் எழுதும்போது மறைகிறார். மானுவலுக்கு எதிரே யார் இருந்தார்கள்? திவானா, ரெசிடெண்டா, லண்டன் நூலக அலமாரியா? நான் எழுதிய பரிந்துரைக் கடிதங்களுக்கு எதிரே எப்போதும் முகமில்லாத ஒரு கமிட்டி இருந்தது.

மறைவதிலேயே கெட்டிக்காரர்களும் நம்மிடம் இருந்தார்கள். வலங்கைமானில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியின் ஆங்கிலத்தைப் பேரரசே வெள்ளி நாக்கு என்று புகழ்ந்தது. காந்தியின் சுயசரிதையை மகாதேவ தேசாய் ஆங்கிலமாக்கியது தெரியும். 1940இல் வந்த திருத்திய பதிப்பின் முன்னுரையில், பெயர் சொல்லக் கூடாதென்று நிபந்தனை போட்ட ஓர் ஆங்கிலப் புலமையாளர் பார்த்துக்கொடுத்தார் என்று ஒரு குறிப்பு வரும். அது சாஸ்திரிதான் என்பது பிற்பாடு வெளியே வந்தது. குஜராத்தியில் ஒருவர் நினைத்ததை இன்னொருவர் ஆங்கிலமாக்க, காவிரிக்கரைக்காரர் ஒருவர் அதன் மடிப்பைச் சரிசெய்திருக்கிறார். உலகம் அதைக் காந்தியின் குரலாகக் கேட்கிறது, கேட்பதில் தவறும் இல்லை. கிரீனின் பென்சிலை நினைத்துக் குழம்பிய எனக்கு இந்தப் பென்சில் கொஞ்சம் ஆறுதல். இதற்கு நேரெதிராக நீரத் சௌத்ரி. இங்கிலாந்தை ஐம்பது வயதுக்கு மேல்தான் கண்ணால் பார்த்தார், அதற்கு முன்பே 1951இல் சுயசரிதையை எழுதி முடித்து வெளியிட்டுவிட்டார். அந்தக் கம்பீர ஆங்கிலத்தை வாசிக்க எனக்கு இல்லாத ஒரு வாய் வேண்டும். அது யாருக்குமே இருந்ததில்லை, நூலகத்தில் பிறந்த வாய் அது என்று எனக்கு ஓர் எண்ணம். ரசிக்கிறேன். நெருங்க முடியவில்லை.

என் வாய்க் கணக்கை முழுக்கக் குலைத்துப் போடக்கூடியவர் கான்ராட். போலிஷ் தாய்மொழி, பிரெஞ்சு இரண்டாவது, ஆங்கிலம் இருபது வயதுக்கு மேல் கப்பலில் பழகியது. கடைசிவரை அவர் பேசிய ஆங்கிலம் கேட்பவர்களுக்குத் திணறலாக இருந்தது என்று கூட இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எழுதிய ஆங்கிலமோ கடல் அலையைப்போலப் புரளுகிறது என்று நாங்கள் வகுப்பில் சொல்வோம். எல்லா ஆசிரியர்களும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம் அது. அந்த எழுத்து எந்த வாயிலிருந்து வந்தது? அவர் வாயிலிருந்து அல்ல என்பது நிச்சயம். நம் பக்கத்திலும் இப்படிச் சிக்கலானவர்கள் உண்டு. லா.ச.ரா. முதலில் கதை எழுதிப் பழகியது ஆங்கிலத்தில். நகுலன் டி.கே. துரைசாமியாகத் திருவனந்தபுரத்தில் ஆங்கிலம் கற்பித்து, வுல்ஃபை ஆராய்ந்து, ஆங்கிலத்திலும் கவிதை எழுதினார். ஆனால் ஆளைத் தேடினால் தமிழில்தான் கிடைக்கிறார். இருவர் தமிழிலும் ஆங்கிலத்தின் நிழல் விழுந்திருக்கிறது என்று சிறுபத்திரிகைகளில் ஒரு காலத்தில் குற்றமாகவே சொன்னார்கள். எனக்கென்னவோ, ஆங்கிலத்தில் தங்களுக்கு வாய் கிடைக்காதது தெரிந்து திரும்பியவர்களாகவே அவர்கள் படுகிறார்கள். பெக்கட் ஆங்கிலத்தைவிட்டுப் பிரெஞ்சுக்குப் போனதற்கு, அங்கே பாணி இல்லாமல் எழுதுவது சுலபம் என்று காரணம் சொன்னதாக உண்டு. தாய்மொழியில் வாய் ஓயாது. அதை அடக்க அவருக்கு வெளிநாடு தேவைப்பட்டது. நம்மவர்களுக்கோ வெளிமொழியில் வாய் அடைத்துவிடுகிறது.

அடைக்காத ஒருவரைச் சமீபத்தில் வாசித்தேன்: கொழும்புக்காரரான அனுக் அருட்பிரகாசம். ‘எ பாசேஜ் நார்த்’ 2021இல் புக்கர் குறும்பட்டியலில் இருந்த நாவல். போருக்குப் பின் வடக்கே ஒரு சாவுக்குப் போகும் இளைஞனின் மனவோட்டம். நேரடி உரையாடலே கிடையாது. பத்திகள் பக்கக்கணக்கில் நீளும். வாக்கியம் ஒரு நினைவைத் தொட்டு, அதற்குள் இருக்கும் இன்னொன்றைத் தொட்டு, திரும்பி வரும் வழியை மறக்காமல் வரும். பெரியபுராணத்துப் பூசலார், கையில் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே கல் கல்லாகக் கோயில் கட்டியவர், அதில் வெகு நிதானமாக வருகிறார். அய்யாவுக்கு அந்தப் பக்கங்களை வாசித்துக் காட்டினேன், பூசலார் என்று முன்கூட்டிச் சொல்லாமல். பெயர் காதில் விழுவதற்கு முன்பே நிமிர்ந்து உட்கார்ந்தார். சேக்கிழாரின் ஓசை ஒன்றும் அந்த ஆங்கிலத்தில் இல்லை. ராஜா ராவின் தாளமும் இல்லை. வாசித்த எனக்கும் பாகவதர் வாய் தேவைப்படவில்லை, பால்காரரிடம் பேசும் வாயும் உதவவில்லை. ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருக்கும்போது உள்ளுக்குள் ஓடுமே, உதடு அசையாமல், அந்தக் குரலில்தான் அதை வாசிக்க முடிந்தது. அதைச் சத்தமாக வாசிப்பது ஏதோ இரகசியத்தைக் காட்டிக்கொடுப்பதாக இருந்தது. அந்த உள்குரல் எந்த மொழி என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எழுதியவராலும் முடியாது என்றே நினைக்கிறேன்.

வாயற்ற ஆங்கிலத்தை நான் இவ்வளவு இளக்காரமாகப் பேசிக்கொண்டிருக்க முடியாதபடி ஒருவர் இருக்கிறார், அவரும் இந்தப் புதுக்கோட்டைக்காரரே. முத்துலட்சுமி ரெட்டி 1886இல் பிறந்தவர். மகாராஜா கல்லூரியில் பெண் படிப்பதா என்று எதிர்ப்பு எழுந்து, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்ததால் நுழைந்தவர். 1912இல் மருத்துவர். 1926இல் சென்னை மாகாண சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவரும் ஆனார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்க 1927இல் தீர்மானம் கொண்டுவந்தார். அதற்கான சட்டம் முழுதாக நிறைவேற 1947 ஆயிற்று. அவர் தாய் சந்திரம்மாள் இசைவேளாளர் குலத்தவர். சபையிலிருந்த யாரைவிடவும் அவருக்கு அந்தப் பேச்சு சொந்த ரத்தம். ‘மை எக்ஸ்பீரியன்ஸ் அஸ் எ லெஜிஸ்லேட்டர்’ என்று 1930இல் அவர் வெளியிட்ட நூலை எடுத்து வாசித்தால் மனு, தீர்மானம், புள்ளிவிவரம், பிற மாகாணச் சட்டங்கள், மரியாதை விளிகள். கமிட்டி ஆங்கிலம்தான். நான் இத்தனை நேரம் பழித்த அதே இஸ்திரி மடிப்பு. ஆனால் எதிரே யார் இருக்கிறார்கள் என்று அவருக்கு ஒவ்வொருவராகத் தெரியும். சாஸ்திரம் தெரிந்த வக்கீல்கள், கலை அழிந்துவிடுமே என்று கவலைப்படுகிறவர்கள், சிரித்துக்கொண்டே எதிர்ப்பவர்கள். அவர்கள் முன்னால் குரல் உடைந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நாராயணுக்கு இயல்பான குரல் கிடைத்தது என்றால், அந்தக் குரலில் பேசினால் யாரும் அவரைப் பிறப்பு கேட்டு உட்காரவைக்கப் போவதில்லை என்பதும் ஒரு காரணம் இல்லையா? இந்தப் பக்கங்களை அய்யாவுக்கு வாசித்துக்காட்ட வேண்டும் என்று எடுத்துவைத்திருக்கிறேன். சபைத் தலைவரை விளித்துத் தொடங்கும் முதல் வரியைப் பாதிரியார் வாயிலும் பால்காரர் வாயிலும் சொல்லிப் பார்த்துவிட்டேன். இரண்டும் பொய்யாகக் கேட்கிறது.